அவ ஒண்ணும் சொல்லல

கீழச்சுனையில் மைக்செட் கடை வைத்திருக்கும் சித்திரைவேலின் மனைவி புஷ்பகனி மாரடைப்பு வந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில், அவள் குரல் ஊருக்குள் அங்கங்கே கேட்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒரு வாரமாக அவள் எந்தெந்த இடத்தில் நின்று யார் யாரிடம் என்னென்ன சொல்லியிருந்தாளோ, அந்தச் சொற்கள் சொன்ன இடத்தை விட்டு நகராமல், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவளைப் போல அங்கேயே நின்றுகொண்டு, மெல்லிய குரலில், சற்று மூச்சிரைக்க, தங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

அன்று காலை, இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து அவளைக் கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, டாக்டரம்மா சித்திரைவேலைப் பக்கத்தில் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு.

"இது நேத்து திடீர்னு வந்ததா தெரியலைங்க. கொஞ்ச நாளாவே உடம்பு சொல்லிட்டு இருந்திருக்கும். பொம்பளைங்களுக்கு எல்லா நேரமும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுற மாதிரி வராது. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், மூச்சு வாங்கும், காரணமே இல்லாம அசந்து போவாங்க, வேர்க்கும், குமட்டும். இதுல ஏதாவது சொன்னாங்களா?"

சித்திரைவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"இல்லீங்க. அவ ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டனா?"

அதுவரை கண்ணை மூடிக் கிடந்த புஷ்பகனி கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது. கையில் குத்தியிருந்த குழாய் எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவு தூரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் வராந்தாவுக்கு வந்ததும் மஸ்கட்டிலிருந்து மகள் ஜெயகனி போனில் கூப்பிட்டாள். நிறைமாதக் கர்ப்பிணி, விமானம் ஏற விடமாட்டேன் என்கிறார்களாம். அழுதுகொண்டே அவளும் அதையேதான் கேட்டாள்: "அம்மா முன்னாடியே ஏதும் சொல்லலையாப்பா?" அவன் அவளிடமும் அதையே சொன்னான். இரண்டாவது முறை அது வாயில் தடங்கல் இல்லாமல் வந்தது. அப்படி வந்ததுதான் அவனைக் கூசவைத்தது.

மாற்றுச்சேலையும் பிளாஸ்கும் எடுக்க மதியம் வீட்டுக்கு வந்து அவன் கதவைத் திறந்தபோது, அடுப்படியிலிருந்து புஷ்பகனி கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாரியளா. தாடைய யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. முதுகுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி ஒரே பாரம். என்னமோ சரியில்லங்க."

"இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் செருப்பைக் கழற்றினான். பழக்கம். அடுப்படி வாசலுக்குப் போன பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. கேஸ் அடுப்புக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் நடுவில், அவள் எப்போதும் நிற்கும் உயரத்தில், குரல் மட்டும் நின்றது. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. எதிராளி பதில் சொல்லும் நேரம் அது. சித்திரைவேலுக்கு அந்த நேரத்தின் அளவு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு அவன் முன்னறையில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவேண்டிய ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், "சொத்தப் பல்லா இருக்கும், கிராம்ப வச்சுக் கடி" என்று சொல்லியிருந்தான். சரியாக அவ்வளவு சொல்வதற்கான நேரம். அது கழிந்ததும் குரல் மறுபடியும் முதலிலிருந்து, "ஏங்க, கொஞ்சம் இங்க வாரியளா" என்றது.

அவன் சேலையை எடுத்தான், பிளாஸ்கை மறந்தான், கதவைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வந்து, அந்தப் பக்கம் போனவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று சன்னலைப் பார்த்தான்.

தெருக்காரர்களுக்குக் கேட்கத் தேவையே இல்லாமல் போனது, ஏனென்றால் பொன்னுலிங்கத்தின் மருந்துக்கடையிலும் அது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கல்லாவுக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டியில் கை ஊன்றி நிற்கிற இடத்தில், "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய, நெஞ்சு வலின்னும் சொல்ல முடியல, ஒரு அமுக்கு அமுக்குது, சும்மா இருக்கும்போதே வேர்த்து ஊத்துது, கேஸா இருக்குமோ என்னமோ, நீங்களே பாத்துக் குடுங்க" என்றது. பொன்னுலிங்கம் அன்று வாயுவுக்குக் குடிக்கிற பச்சை மருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, வெறும் வயிற்றில் காப்பி குடிக்கக் கூடாது என்று புத்தியும் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் ஞானதுரையின் கிளினிக்கில் நோயாளி உட்காரும் ஸ்டூலுக்கு மேலே, "அசதின்னா சாதாரண அசதி இல்ல டாக்டர், வடிச்ச சோத்துப் பானையத் தூக்க முடியல, நாலு எட்டு நடந்தா மூச்சு முட்டுது" என்றது. இந்த வயதில் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்போது இப்படித்தான் இருக்கும், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அவர். சித்திரைவேலின் அக்கா சொர்ணம் வீட்டு மாடிப்படியில், பாதிப் படியில், "மைனி, செத்த இருங்க, ஏற முடியல, தாடையில இருந்து தோளு வரைக்கும் இழுக்குது, குமட்டிக்கிட்டு வருது" என்றது. மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடப் போன நேரம் அது. சொர்ணம் என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கும் புஷ்பகனிக்கும் மட்டும்தான் தெரியும்.

கீழச்சுனைக்காரர்கள் இதைப் பார்த்து மிரண்டு போகவில்லை. பால் எடுக்க வந்தவர்கள் பால் எடுத்தார்கள், பள்ளிக்கூட வேன் வந்தது, குரலும் ஒரு பக்கம் இருந்தது. மழை பெய்தால் கரைந்துவிடும் என்றார்கள். மழை பெய்தது, தூசி அடங்கிய பிறகு அது இன்னும் துலக்கமாகக் கேட்டது. பொன்னுலிங்கம் கல்லாவை வலது பக்கம் தள்ளிப் போட்டார், ஆனால் வந்தவர்கள் பழைய இடத்திலேயே நின்று, குரல் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகே சீட்டை நீட்டினார்கள். பெண்ணொருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று இப்போது எல்லோருக்கும் தோன்றியிருந்தது. அந்த மரியாதை அவருக்கு ஊசி மாதிரி இருந்தது. ஞானதுரை மின்விசிறியைக் கூட்டி வைத்துப் பார்த்தார், பிறகு பின்னறைக்கு மாறினார், பூட்டிய முன்னறைக்குள் குரல் தன்பாட்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்து, குரலைக் கேட்டு, கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவும் இதத்தாங்க சொன்னா, நாங்க மோர் குடுத்துப் படுக்கச் சொன்னோம்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்காமலே போனார்.

யார் வீட்டிலும் கடையிலும் குரல் நின்றதோ அவர்கள் தலை குனிந்தார்கள். நிற்காத வீட்டுக்காரர்கள் நிமிர்ந்து நடந்தார்கள், ஆனால் அவர்களும் தங்கள் வீட்டுப் பெண்கள் எந்த மூலையில் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்து, யோசனை ஓரிடத்தில் முட்டி நிற்க, வேறு பேச்சுக்குப் போனார்கள்.

கடைசியில் கோயில் கமிட்டித் தலைவர் சித்திரைவேலின் கடைக்கு வந்தார்.

"ஊரு மானம் போகுதுய்யா. வெளியூருக்காரன்லாம் கேட்டுட்டுப் போறான். குரலு உம்ம வீட்டுக்காரி குரலு. நீருதான் ஒரு வழி பண்ணணும்."

"நான் என்ன பண்ண முடியும்?"

"ஸ்பீக்கர் பெட்டி வச்சிருக்கீருல்லா? நாலு இடத்துல கட்டிப் பாட்டைப் போடும்."

சித்திரைவேலுக்கு அது வெட்கக்கேடான காரியம் என்று தெரிந்தது. தெரிந்தும், அடுத்த நாள் காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துக்கடை முன்னால் ஒன்று, கிளினிக் வாசலில் ஒன்று, தெருமுனையில் ஒன்று என்று பெட்டிகளைக் கட்டி, கடைசியாகத் தன் வீட்டு அடுப்படிச் சன்னலிலும் ஒன்றை உள்பக்கம் பார்த்துக் கட்டினான். கொடையும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் ஊர் முழுக்கச் சாமிப் பாட்டு அலறியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் சின்ன இடைவெளியில் மட்டும், கூட்டத்தில் தோள்களுக்கு நடுவே முகம் காட்டுகிறவளைப் போல, "என்னமோ சரியில்லங்க" என்று அவள் வந்து போனாள்.

புஷ்பகனியை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவனுக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. வாடகைக் காரில் வரும் வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே வந்தான். ஊர் எல்லையில் பாட்டுச் சத்தம் கேட்டதும், "என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

மருந்துக்கடை முன்னால் ஆடு குறுக்கே வந்து கார் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. புஷ்பகனி கண்ணாடியை இறக்கச் சொன்னாள். தன் குரலை, அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய என்ற அந்தக் குரலை, முழுதும் கேட்டாள். கடைக்குள் பொன்னுலிங்கம் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அடுத்த பாட்டு தொடங்கியது. சித்திரைவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முன்சீட்டின் பின்புறத்தைப் பார்த்தான்.

"இப்படிக் கெஞ்சிக்கிட்டா சொன்னேன்?" என்றாள் புஷ்பகனி. "என் உசிரு போகுதுன்னு சொல்லதுக்கு எதுக்கு நான் மன்னிப்பு கேட்டேன்?"

அதற்குப் பிறகு வீடு வரும்வரை தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளும் வெட்கப்படுகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அதுவும் தன் கணக்கில்தான் சேர வேண்டும் என்பதும் புரிந்தது. வீட்டுக்குள் வந்ததும் அவள் அடுப்படிச் சன்னலில் கட்டியிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். கட்டியது யார் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் டாக்டரம்மாவிடம் சொன்னதைப் பற்றியும் கேட்கவில்லை. மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டாள், மெல்ல நடந்தாள், அவன் வைத்த உப்பில்லாத ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்தாள். அவள் கேட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

சொர்ணத்தின் வீடு அடுத்த தெருவில். ஒரு நாள் முற்பகலில் அவள் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றாள்.

"ஏலே சித்திரை, என் வீட்டுப் படிக்கு ஒரு பெட்டி கட்டுல. ஊர்ப்பட்ட பொம்பளைக எல்லாம் படியில உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்காளுவ. நான் என்னமோ கொலை பண்ணுன மாதிரி பாக்காளுவ."

புஷ்பகனி நாற்காலியிலிருந்து அவளைக் கவனித்துப் பார்த்தாள். "மைனி, ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"வெயிலு."

வெயில் அப்படி ஒன்றும் இல்லை. சித்திரைவேல் பெட்டியையும் வயரையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். "நானும் வாரேன்" என்று புஷ்பகனி எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இப்போது இல்லை. அவள் நடைக்கு நடந்து போனார்கள். சொர்ணம் வழியில் இரண்டு இடத்தில் நின்று சேலை மடிப்பைச் சரிசெய்தாள். மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

படியடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் புஷ்பகனியைக் கண்டதும் எழுந்து வழிவிட்டார்கள். சித்திரைவேல் பெட்டியைக் கைப்பிடிக் கம்பியில் கட்டி, ஓயாமல் ஓடும்படி பாட்டைப் போட்டுவிட்டான். படி அதிர்ந்தது. சொர்ணம் கீழ்ப் படியில் உட்கார்ந்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, இரைச்சலுக்குள் எதையோ சொன்னாள்.

"என்னது?" என்று அவன் கத்தினான்.

"ஒண்ணுமில்லல!" என்று அவளும் கத்தினாள். அவள் முகம் சாம்பல் பூசினதுபோல இருந்தது.

புஷ்பகனி நேராகப் போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்ற இடத்தில் கோழி கொக்கரித்தது. பிறகு பாதிப் படியிலிருந்து குரல் வந்தது. "மைனி, செத்த இருங்க, ஏற முடியல, தாடையில இருந்து தோளு வரைக்கும் இழுக்குது, குமட்டிக்கிட்டு வருது." எல்லோரும் கேட்டார்கள். சொன்னவளும் கேட்டாள். குரல் பேசாமல் இருந்த அந்தச் சின்ன நேரத்தில் சொர்ணம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அதேதாம்ட்டி எனக்கும்" என்றாள். "காலையில இருந்து அதேதான் செய்யுது. உன்னைய அன்னைக்கு நடிப்புன்னுல்லா சொன்னேன். இன்னைக்கு எந்த வாய வச்சு எனக்கும்னு சொல்ல?"

"வாய்க்கு என்ன, அத அப்புறம் பாப்போம்" என்றாள் புஷ்பகனி. "எந்திரிக்காதிய மைனி. நடக்கக் கூடாது. ஏங்க, ஆட்டோ!"

சித்திரைவேல் ஓடினான்.

கிளினிக்கில் ஞானதுரை சொர்ணத்தைப் பார்த்ததும் வழக்கம்போல, "சாப்பாடு என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தார். பூட்டிய முன்னறைக்குள்ளிருந்து, அசதின்னா சாதாரண அசதி இல்ல டாக்டர், என்றது குரல். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஈசிஜி எடுத்தார், தாளைப் பார்த்தார், ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார், தானே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வரும்வரை அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். புஷ்பகனி வாசலில் இருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே, "மன்னிச்சுருங்கம்மா" என்றார். அவள் ஆம்புலன்ஸ் வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான் இருந்தார். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். "காலையில இருந்துங்க" என்றான் சித்திரைவேல். அதோடு நிறுத்த முடியவில்லை. "டாக்டர், போன தடவ நான் பொய் சொன்னேன். என் பெஞ்சாதி ஒரு வாரமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. எங்கிட்டதான் முதல்ல சொன்னா."

டாக்டரம்மா அதற்குள் ஸ்ட்ரெச்சரோடு பாதித் தூரம் போயிருந்தார். "கொஞ்சம் வழிய விடுங்க" என்றாள் நர்ஸ். அவன் சுவரோடு ஒட்டி நின்றான். இத்தனை நாளும் வாயில் அடக்கி வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னவனுக்கு, கேட்க ஆளில்லாமல் போனது எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அவன் சொன்ன சொற்கள் அங்கேயே நிற்குமோ என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தான். லிப்ட் ஏறி இறங்கும் சத்தம்தான் கேட்டது.

சொர்ணம் பிழைத்தாள். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எல்லோரும் சித்திரைவேலைப் பாராட்டினார்கள். பாராட்டுகிற ஒவ்வொருவரிடமும் அவன் சீக்கிரம் விடைபெற்றுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது புஷ்பகனி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சன்னல் பெட்டி கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்குப் பக்கத்திலேயே, அவள் தோள் உயரத்தில், குரல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. களைந்த நீரை அவள் குரலில் படாமல் ஒதுக்கி ஊற்றினாள்.

"டாக்டரம்மாகிட்ட நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி" என்றான்.

"தெரியும். நான் பக்கத்துலதான கெடந்தேன்."

"எனக்கு எப்படிச் சொல்லதுன்னு தெரியல புஷ்பம்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நான் சொன்னது எனக்குத் தெரியும்." அவள் உலையில் அரிசியைப் போட்டாள். "பிள்ளைக்குத்தான் தெரியாது. தினமும் போன்ல அழுதா. ஏம்மா எங்கிட்டக்கூடச் சொல்லாம மறைச்ச, ஏம்மா இப்படிப் பண்ணுனன்னு என்னையப் போட்டுக் கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். மகளின் எண்ணை அழுத்தினான். மஸ்கட்டில் மணி அடித்தது.

"அப்பா? அத்தை எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. அம்மா ... அம்மா அன்னைக்கு..."

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவன் நின்றுபோன அந்த இடத்தில், அடுப்பு மேடைப் பக்கத்திலிருந்து குரல் தொடங்கியது.

"அது யாரு, அம்மாவா?" என்றாள் ஜெயகனி. "என்னப்பா சொல்லுதா? அவளுக்கு என்ன செய்யுது?"

"கேளும்மா" என்றான் சித்திரைவேல். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, கையை நீட்டி, குரல் நின்ற இடத்துக்கு நேராகப் போனைப் பிடித்தான். குரல் அவனைக் கூப்பிட்டது, தாடையைச் சொன்னது, முதுகைச் சொன்னது, என்னமோ சரியில்லங்க என்றது. பிறகு பதிலுக்காகக் காத்திருந்தது.

புஷ்பகனி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அதுக்கு நீங்க என்னப்பா சொன்னிய?" என்று ஜெயகனி கேட்டாள்.

அவன் சொன்னான்.